மீக்கடத்தி முடுக்கி உறுப்புகளுக்கான ஹீலியக் குளிர்ச்சோதனை

ஹீலியக் குளிர்ச்சோதனை என்பது, துகள் முடுக்கிகளில் பொருத்தப்படவுள்ள மீக்கடத்திக் காந்தங்களையும் குழிவறைகளையும் திரவ ஹீலியத்தால் (ஈலியத்தால்) குளிர்வித்து, அவை உரிய மின்னோட்டத்தையும் புலத்தையும் தாங்குகின்றனவா என்று முன்கூட்டியே ஆய்ந்தறியும் முறையாகும். சோதனை நடைபெறும் வெப்பநிலை பெரும்பாலும் 4.5 கெல்வின் முதல் 1.9 கெல்வின் வரை அமையும். 1.9 கெல்வின் என்பது ஏறத்தாழ மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் ஆகும். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் பரவியுள்ள கதிர்வீச்சின் வெப்பநிலை 2.7 கெல்வின் என்பதால், சோதனைக் கூடத்தில் உள்ள காந்தம் விண்வெளியைவிடக் குளிர்ந்த நிலையில் இருக்கிறது.

இம்முறையைப் பெரிய அளவில் கையாண்ட இடம், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் எஸ்.எம். 18 என்னும் சோதனைக் கூடம் ஆகும். பெரிய ஹாட்ரான் மோதுவிக்கான 1232 இருமுனைக் காந்தங்களும் சுரங்கத்தில் இறக்கப்படுவதற்கு முன் குளிர்ச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. இக்கட்டுரை அந்தக் கூடத்தையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

சோதனையின் தேவை

பெரிய ஹாட்ரான் மோதுவி, நிலத்துக்கு அடியில் சுமார் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கத்தில் அமைந்துள்ளது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் புரோட்டான்களை வட்டப்பாதையில் வளைத்துச் செலுத்துவது இருமுனைக் காந்தங்களின் பணி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமும் 35 டன் எடையும் உடையது. வடிவமைப்பின்படி 11,850 ஆம்பியர் மின்னோட்டத்தில் 8.33 டெஸ்லா காந்தப்புலத்தை இது தரவேண்டும். சாதாரணச் செம்புக் கம்பியில் இவ்வளவு மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் தோன்றும் வெப்பத்தைச் சமாளிக்க இயலாது. எனவே நையோபியம்-டைட்டானியம் உலோகக் கலவையால் ஆன மீக்கடத்திக் கம்பிகள் பயன்படுத்தப்படுகின்றன.

இக்காந்தங்கள் சுரங்கத்தில் தொடராக இணைக்கப்படுகின்றன. ஒரு காந்தம் பழுதானால் முடுக்கி முழுவதும் நின்றுவிடும். பழுதான காந்தத்தை வெளியே எடுக்க வேண்டுமெனில், சுமார் 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வட்டப் பகுதியை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, இணைப்புகளை வெட்டி, மாற்றுக் காந்தத்தைப் பொருத்தி, மீண்டும் குளிர்விக்க வேண்டும். இதற்குப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். ஆகவே குறையுள்ள காந்தம் எதுவும் சுரங்கத்துக்குள் செல்லாமல் தடுப்பதே சோதனைக் கூடத்தின் நோக்கமாகும்.

அறை வெப்பநிலையில் செய்யும் ஆய்வு இதற்குப் போதாது. அந்நிலையில் கம்பி மீக்கடத்தியாக இருப்பதில்லை. மேலும், குளிரும்போது உலோகங்கள் சுருங்குகின்றன. 15 மீட்டர் காந்தம் ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர் சுருங்கும். அறை வெப்பநிலையில் கசிவின்றி இருந்த பற்றவைப்பு, குளிர்ந்தபின் கசியக்கூடும். மின்காப்பில் உள்ள சிறு குறையும் குளிரிலேயே வெளிப்படலாம்.

ஹீலியத்தின் இடம்

இத்தகைய குளிர்நிலைக்கு ஹீலியத்தைத் தவிர வேறு பொருள் இல்லை. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கிறது. 63 கெல்வினில் உறைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் 20 கெல்வினில் கொதித்து, 14 கெல்வினில் உறைகிறது. ஹீலியம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தில் 4.2 கெல்வினில் கொதிக்கிறது. அந்த அழுத்தத்தில் அதை எவ்வளவு குளிர்வித்தாலும் உறைவதில்லை.

ஹீலியத்தின் கதைக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலர் ஜான்சன் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் நோக்கினர். சூரிய நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு அப்போது குறிக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்யரும் அக்கோட்டைக் கண்டு, அது அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்துக்கு உரியது என்ற முடிவுக்கு வந்தார். 1895இல் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து இவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னெஸ் இதனை முதன்முறையாகத் திரவமாக்கினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1911இல், அதே திரவ ஹீலியத்தின் துணையால் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோவதை அவர் ஆய்வகம் கண்டறிந்தது. மீக்கடத்துத்திறன் என்னும் பண்பே திரவ ஹீலியத்தால்தான் வெளிப்பட்டது எனலாம்.

எனினும் ஹீலியம் சிக்கனமாகக் கையாள வேண்டிய பொருள். ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலையில் முழுவதும் ஆவியாக்க 2257 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோகிராம் திரவ ஹீலியத்துக்கு ஏறத்தாழ 21 கிலோஜூல் போதும். இதன்படி, ஒரு வாட் வெப்பம் உள்ளே புகுந்தால் மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் திரவ ஹீலியம் ஆவியாகிவிடும். ஒரு சிறு டார்ச் விளக்கின் வெப்பம்கூட இங்கே பெரிய இழப்பாகும்.

மீப்பாய்ம நிலை

திரவ ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதன் தன்மை அடியோடு மாறுகிறது. கொதிக்கும்போது தோன்றும் குமிழிகள் மறைந்து திரவம் அமைதியாகிவிடும். மிக நுண்ணிய இடுக்குகளிலும் உராய்வின்றிப் பாயும். இந்நிலை மீப்பாய்மம் எனப்படுகிறது. மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் ஆகியோரும் தனித்தனியே கண்ட இப்பண்பு 1938இல் வெளியிடப்பட்டது.

முடுக்கிப் பொறியியலில் இது இரண்டு வகையில் பயன்படுகிறது. முதலாவது, மீப்பாய்ம ஹீலியம் செம்பையும் விஞ்சி வெப்பத்தைக் கடத்துகிறது. கம்பிச் சுருளின் மின்காப்புக்குள்ளும் ஊடுருவி, அங்கு தோன்றும் வெப்பத்தை உடனே வெளிக்கொணர்கிறது. இரண்டாவது, 4.2 கெல்வினைவிட 1.9 கெல்வினில் நையோபியம்-டைட்டானியம் கூடுதலான மின்னோட்டத்தைத் தாங்கும். 8 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தை இக்கம்பியால் பெற இதுவே வழி.

ஹீலியத்தை 1.9 கெல்வினுக்குக் கொண்டுவரும் முறை எளிய அறிவியல் அடிப்படையைக் கொண்டது. மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவதால் நீர் 100 டிகிரிக்குக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது அல்லவா? அதே போல் ஹீலியத்தின் மேலுள்ள ஆவியை எக்கிகளால் உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால் அதன் கொதிநிலை இறங்கும். அழுத்தம் 16 மில்லிபார் அளவுக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் அறுபதில் ஒரு பங்குக்கு இறங்கும்போது கொதிநிலை ஏறத்தாழ 1.8 கெல்வின் ஆகிறது. இந்தக் குளிர்ந்த திரவம் ஒரு வெப்பப் பரிமாற்றிக் குழாயின் வழியே செல்லும். காந்தத்தைச் சூழ்ந்துள்ள ஹீலியம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தத்தில் அசையாமல் நின்று, அக்குழாய்க்குத் தன் வெப்பத்தைக் கொடுத்து 1.9 கெல்வினில் நிலைத்திருக்கும்.

அமைப்பின் பகுதிகள்

குளிர்ச்சோதனைக் கூடத்தின் முதன்மைப் பகுதிகள் பின்வருமாறு:

1. அமுக்கிகள்: அறை வெப்பநிலையில் உள்ள ஹீலிய வாயுவை உயர் அழுத்தத்துக்கு அமுக்குபவை. மின்சாரத்தின் பெரும்பகுதி இங்குதான் செலவாகிறது.

2. குளிர்ப்பெட்டி: வெற்றிடக் காப்புள்ள பெரிய கலம். இதனுள் வெப்பப் பரிமாற்றிகளும் டர்பைன்களும் உள்ளன. அமுக்கப்பட்ட வாயு டர்பைனைச் சுழற்றி வேலை செய்யும்போது தன் ஆற்றலை இழந்து குளிர்கிறது. இறுதியில் ஒரு தடுப்பிதழ் வழியே விரிந்து ஒரு பகுதி திரவமாகிறது.

3. சேமிப்புக் கலம்: திரவ ஹீலியத்தைத் தேக்கி வைக்கும் பெரிய வெற்றிடக் குடுவை. வீட்டில் பயன்படும் தெர்மாஸ் பிளாஸ்க்கின் தத்துவமே இதற்கும் அடிப்படை.

4. மாற்றுக் குழாய்கள்: வெற்றிட உறையும் பலஅடுக்குப் பிரதிபலிப்புத் தாள்களும் கொண்டவை. திரவத்தைச் சோதனை மேடைகளுக்குக் கொண்டுசெல்பவை.

5. சோதனை மேடைகள்: காந்தம் பொருத்தப்படும் இடங்கள். எஸ்.எம். 18 கூடத்தில் காந்தங்களுக்கென 12 மேடைகள் இயங்கின.

6. வெற்றிட எக்கிகள்: 1.9 கெல்வினை அடைய ஹீலிய ஆவியை உறிஞ்சுபவை.

7. மீட்பு அமைப்பு: ஆவியான ஹீலியத்தைத் திரட்டி, தூய்மைப்படுத்தி, மீண்டும் அமுக்கிகளுக்கு அனுப்புவது.

குளிரை உண்டாக்க ஆகும் மின்செலவு மிக அதிகம். இயற்பியல் விதிகளின்படி, 4.5 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை அகற்ற, இழப்பே இல்லாத இயந்திரத்துக்கும் சுமார் 66 வாட் தேவை. நடைமுறையில் 200 வாட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. 1.9 கெல்வினில் இத்தேவை இன்னும் பல மடங்காகும்.

காந்தம் சோதிக்கப்படும் முறை

சோதனைக்கு வரும் காந்தம் முதலில் மேடையில் பொருத்தப்பட்டு, மின் இணைப்பும் ஹீலிய இணைப்பும் கொடுக்கப்படும். அதன் வெளி உறையிலிருந்து காற்று வெளியேற்றப்பட்டு வெற்றிடம் உண்டாக்கப்படும். கசிவு ஆய்வும் மின்காப்பு ஆய்வும் முடிந்தபின் குளிரூட்டல் தொடங்கும்.

குளிரூட்டல் மூன்று கட்டங்களாக நிகழ்கிறது. முதல் கட்டத்தில் ஹீலிய வாயு திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்டு, காந்தத்தின் ஊடே செலுத்தப்படும். காந்தத்தின் வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து ஏறத்தாழ 90 கெல்வினுக்கு இறங்கும். அகற்றவேண்டிய வெப்பத்தின் பெரும்பங்கு இக்கட்டத்திலேயே நீங்குவதால், விலை குறைந்த நைட்ரஜனை இங்கே பயன்படுத்துவது சிக்கனமானது. இரண்டாம் கட்டத்தில் குளிர்ந்த ஹீலியம் செலுத்தப்பட்டு, காந்தம் 4.5 கெல்வினை அடைந்து திரவத்தால் நிரம்பும். மூன்றாம் கட்டத்தில் ஆவியை உறிஞ்சி 1.9 கெல்வின் எட்டப்படும். காந்தத்தின் ஒரு முனை மிகக் குளிர்ந்தும் மறுமுனை வெதுவெதுப்பாகவும் இருந்தால் சீரற்ற சுருக்கம் ஏற்பட்டுப் பாதிப்பு உண்டாகும் என்பதால், குளிரூட்டும் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது.

பின்னர் மின்னோட்டம் படிப்படியாக உயர்த்தப்படும். சில காந்தங்களில் புலத்தின் தரமும் அளக்கப்பட்டது. இதற்கெனத் துகள்கள் செல்லும் குளிர்ந்த குழாய்க்குள் அறை வெப்பநிலையில் உள்ள மற்றொரு குழாய் செருகப்பட்டு, அதனுள் சுழலும் அளவீட்டுச் சுருள்கள் இயக்கப்பட்டன. 1.9 கெல்வின் குளிருக்கு நடுவே அறை வெப்பநிலையில் ஓர் அளவுகருவி சுழல்வது இச்சோதனையின் குறிப்பிடத்தக்க அம்சமாகும்.

மீக்கடத்தல் முறிவும் பழக்குதலும்

மின்னோட்டம் உயரும்போது கம்பிச் சுருளின் மீது பெரும் விசை செயல்படுகிறது. எங்கேனும் ஒரு கம்பி மிக நுண்ணிய அளவு நகர்ந்தால் உராய்வால் வெப்பம் தோன்றும். 1.9 கெல்வினில் உலோகங்களின் தன்வெப்ப ஏற்புத்திறன் மிகச் சிறியது. ஒரு குண்டூசி மேசையிலிருந்து தரையில் விழும்போது வெளிப்படுவது போன்ற அற்ப ஆற்றலும் அவ்விடத்தை மீக்கடத்தல் நிலையிலிருந்து வெளியேற்றிவிடலாம். அங்கு மின்தடை தோன்றி, வெப்பம் பெருகி, அண்டைப் பகுதிகளுக்கும் பரவும். இந்நிகழ்வு மீக்கடத்தல் முறிவு ஆகும். பொறியாளர்கள் இதனை 'குவென்ச்' என்பர்.

முழு மின்னோட்டத்தில் ஓர் இருமுனைக் காந்தம் ஏறத்தாழ 7 மெகாஜூல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கிறது. இது 10 டன் எடையுள்ள லாரி மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கொண்டிருக்கும் ஆற்றலுக்குச் சமம். இவ்வாற்றல் முழுவதும் ஓரிடத்தில் வெப்பமாக மாறினால் கம்பி உருகிவிடும். எனவே முறிவின் அடையாளமான சிறு மின்னழுத்தம் தோன்றியவுடன், சுருளின் மீதுள்ள சூடேற்றிப் பட்டைகள் இயக்கப்பட்டு, சுருள் முழுவதும் ஒருசேர மீக்கடத்தல் நிலையை இழக்கும்படி செய்யப்படுகிறது. ஆற்றல் பரவலாகச் செலவாகி, மின்னோட்டம் ஒரு நொடி அளவில் அடங்கிவிடும். சூடான ஹீலியம் பாதுகாப்புத் தடுப்பிதழ்கள் வழியே வெளியேறி மீட்பு அமைப்பைச் சேரும். காந்தத்தை மீண்டும் 1.9 கெல்வினுக்குக் குளிர்விக்கச் சில மணி நேரம் ஆகும்.

புதிய காந்தம் முதல் முயற்சியிலேயே முழுப் புலத்தை எட்டுவது எப்போதும் நிகழ்வதில்லை. ஒவ்வொரு முறிவுக்குப் பின்னும் கம்பிகள் தமக்குரிய இடத்தில் சற்று அமர்ந்துகொள்வதால், அடுத்த முறை கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும். இதற்குப் பழக்குதல் என்று பெயர். 8.33 டெஸ்லாவைக் கடந்து 9 டெஸ்லாவை நோக்கிச் செல்லும் திறன் உள்ளதா என்பது எஸ்.எம். 18இல் ஆராயப்பட்டது. தேறாத சில காந்தங்கள் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. முதல் காந்தம் 2005 மார்ச்சிலும், கடைசி இருமுனைக் காந்தம் 2007 ஏப்ரலிலும் சுரங்கத்தில் இறக்கப்பட்டன.

2008 விபத்தும் படிப்பினையும்

2008 செப்டம்பர் 19 அன்று, முடுக்கி தொடங்கிவைக்கப்பட்ட ஒன்பதாம் நாளில், அதன் ஒரு பகுதியில் மின்னோட்டம் உயர்த்தப்பட்டது. சுமார் 8,700 ஆம்பியரில் இரு காந்தங்களுக்கு இடைப்பட்ட ஒரு மின் இணைப்பு சூடாகி அறுந்து, மின்பொறி தோன்றியது. அது ஹீலிய உறையைத் துளைத்தது. வெற்றிட உறைக்குள் பாய்ந்த ஹீலியம் விரிந்து, டன் கணக்கில் எடையுள்ள காந்தங்களை இடம்பெயரச் செய்தது. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் இழக்கப்பட்டது. 39 இருமுனைக் காந்தங்களும் 14 நான்முனைக் காந்தப் பகுதிகளும் மேலே கொண்டுவரப்பட்டன. முடுக்கி மீண்டும் இயங்க 2009 நவம்பர் ஆயிற்று.

அறுந்த இணைப்பு எஸ்.எம். 18இல் சோதிக்கப்பட்டதன்று. காந்தங்கள் தனித்தனியே சோதிக்கப்பட்டன. அவற்றை இணைக்கும் இணைப்புகளோ சுரங்கத்தில் பின்னர் போடப்பட்டன. நல்ல இணைப்பின் மின்தடை ஒரு நானோ ஓமுக்கும் குறைவாக இருக்கவேண்டும். அறுந்த இணைப்பில் அது ஏறத்தாழ 200 நானோ ஓம் இருந்திருக்கும் என்று விசாரணை மதிப்பிட்டது.

விசாரணையில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. விபத்துக்குச் சில நாட்களுக்கு முன் 7,000 ஆம்பியர் செலுத்தியபோதே அவ்விடத்து ஹீலியத்தின் வெப்பநிலை சிறிதளவு உயர்ந்திருந்தது பதிவேடுகளில் காணப்பட்டது. சுமார் 10 வாட் வெப்பம் அங்கு தோன்றியிருந்தது. அசையாது நிற்கும் மீப்பாய்ம ஹீலியம் மிக நுண்ணிய வெப்பமானியாகச் செயல்பட்டிருக்கிறது. ஆனால் அதை அந்த நோக்கில் படிக்கும் வழக்கம் அதுவரை இல்லை.

அதன்பின் இதுவே ஒரு சோதனை முறையாயிற்று. மின்னோட்டத்தை நிலையாக வைத்து, ஹீலியம் எவ்வளவு சூடாகிறது என்று அளந்து, குறையுள்ள இணைப்புகள் தேடப்பட்டன. வேறு பகுதிகளில் இரு இருமுனைக் காந்தங்களின் உள்ளேயே ஏறத்தாழ 100 மற்றும் 50 நானோ ஓம் மின்தடையுள்ள இணைப்புகள் இவ்வாறு கண்டறியப்பட்டன. அவை எஸ்.எம். 18 சோதனையில் தேறிய காந்தங்கள். உரிய புலத்தைத் தாங்குகிறதா என்ற கேள்விக்கு அவை சரியான விடையே அளித்திருந்தன. இணைப்பின் மின்தடை பற்றிய கேள்வி இவ்வளவு நுட்பமாகக் கேட்கப்படவில்லை. சோதனை என்பது கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சுரங்கத்தில் இருந்த பிற இணைப்புகளின் நிலை உறுதியாகாததால் 2010 முதல் 2012 வரை முடுக்கி குறைந்த ஆற்றலிலேயே இயக்கப்பட்டது. 2013-14இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வலுப்படுத்தப்பட்டன. 2015இல் உயர் ஆற்றலுக்குச் செல்ல, காந்தங்களை மீண்டும் பழக்கவேண்டியிருந்தது. அப்போது 150க்கும் மேற்பட்ட முறிவுகள் நிகழ்ந்தன. சோதனைக் கூடத்தில் பழகிய காந்தமும் நெடுநாள் அறை வெப்பநிலையில் இருந்தபின் பழக்கத்தின் ஒரு பகுதியை இழக்கக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

குழிவறைகளின் சோதனை

துகள்களுக்கு வேகம் ஊட்டுபவை ரேடியோ அதிர்வெண் குழிவறைகள். இவை பெரும்பாலும் தூய நையோபியத்தால் செய்யப்படுகின்றன. நையோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகிறது. குழிவறை திரவ ஹீலியம் நிரம்பிய ஆழமான கலத்தில் செங்குத்தாகத் தொங்கவிடப்பட்டு, 2 கெல்வினில் ஆராயப்படும். உட்பரப்பில் ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் மின்புலம் உயரும்போது அங்கிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டுத் திறன் குறையும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள டெசி ஆய்வகத்தில், ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசருக்கான சுமார் 800 குழிவறைகள் இம்முறையில் சோதிக்கப்பட்டன.

ஹீலியச் சேமிப்பும் பாதுகாப்பும்

ஹீலியம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. காற்றில் கலந்த ஹீலியத்தை மீட்பது கட்டுப்படியாகாது. எனவே சோதனைக் கூடங்களில் ஆவியான ஹீலியம் குழாய்கள் வழியே திரட்டப்பட்டு மறுபடியும் திரவமாக்கப்படுகிறது. திரும்பி வரும் வாயுவில் காற்றோ ஈரமோ கலந்திருந்தால் அவை குளிர்ப்பெட்டியில் உறைந்து குழாய்களை அடைத்துவிடும். ஆகவே தூய்மைப்படுத்துதல் இன்றியமையாதது.

திரவ ஹீலியம் அறை வெப்பநிலை வாயுவாக மாறும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரிகிறது. மூடிய இடத்தில் கசிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனின் பங்கு குறைந்து, மனிதர்கள் மூச்சுத் திணறி மயங்கக்கூடும். ஹீலியத்துக்கு நிறமோ மணமோ இல்லாததால் ஆபத்தை உணர்வது கடினம். இதனால் ஆக்சிஜன் அளவிகளும் எச்சரிக்கை மணிகளும் கட்டாயமாகப் பொருத்தப்படுகின்றன.

இந்தியாவின் பங்கு

இந்திய அணுசக்தித் துறையின் நிறுவனங்களைச் சேர்ந்த பொறியாளர்களும் அறிவியலாளர்களும் எஸ்.எம். 18 கூடத்தில் காந்தச் சோதனைகளில் பங்கேற்றனர். காந்தங்களைத் துல்லியமாகத் தாங்கி நிறுத்தும் தூக்கிகள், திருத்தக் காந்தங்கள், சூடேற்றிப் பட்டைகளுக்கான மின்வழங்கிகள் ஆகியவற்றையும் இந்தியா வழங்கியது. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் குழிவறைகளை 2 கெல்வினில் சோதிக்கும் வசதி நிறுவப்பட்டுள்ளது.

புதிய காந்தங்கள்

பெரிய ஹாட்ரான் மோதுவியின் மோதல் எண்ணிக்கையைப் பெருக்கும் திட்டத்துக்காக நையோபியம்-வெள்ளீயம் கொண்டு புதிய நான்முனைக் காந்தங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. இவற்றின் சுருளில் 11 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலம் நிலவும். இவையும் 1.9 கெல்வின் மீப்பாய்ம ஹீலியத்திலேயே இயங்குகின்றன. இக்காந்தங்கள் தனித்தனியே சோதிக்கப்படுவதோடு, சுரங்கத்தில் இருக்கவேண்டிய அதே வரிசையில் மின் இணைப்புகளுடனும் ஹீலியக் குழாய்களுடனும் கோக்கப்பட்டு ஒரே தொடராகச் சோதிக்கப்படுவதற்கான அமைப்பு எஸ்.எம். 18 கூடத்தில் நிறுவப்பட்டுள்ளது. தனிக் காந்தத்தின் சோதனையில் இடம்பெறாத இணைப்புகளும் இதன்மூலம் குளிர்ச்சோதனைக்குள் வருகின்றன.